நான்கு எல்லைக்குள் ஒரு ஜன்னல்

நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. காலை நடை முடித்துத் திரும்பும்போதெல்லாம் காவலாளி அதை என் பக்கம் திருப்பி வைப்பார். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, கையொப்பம். பெங்களூர் காக்ஸ் டவுனில் மகள் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. காவலாளிகளை ஏஜென்சி அடிக்கடி மாற்றிவிடுகிறது. புதிதாக வருபவருக்கு உரிமையாளர், வாடகைதாரர் என்ற இரண்டு வகைதான் தெரியும். உரிமையாளரின் அப்பாவுக்குத் தனிக் கலம் இல்லை. சண்டை போடலாம். ஆனால் நான் பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கலம் நிரப்பாமல் வந்தவர்களை எத்தனை முறை வரிசையின் கடைசிக்கு அனுப்பியிருப்பேன்! ஆகவே ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்ட வீட்டைப் பார்க்க மேலே போகிறேன்.

பகல் முழுவதும் அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் அவ்வப்போது பேசும். அதற்குப் பயந்துதான் படம் வரையத் தொடங்கினேன். ஒரு பலகை, நீர்வண்ணப் பெட்டி, மடக்கு ஸ்டூல். இந்தப் பேட்டையில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவற்றின் ஜன்னல்களுக்கு மேலே மரச்சட்டங்களை அடுக்கி, கூம்பாக ஒரு குட்டிக் கூரை வைத்திருப்பார்கள். மங்கி டாப் என்று பெயர். எதிர்ச் சாரியில் உட்கார்ந்து ஒரு வீட்டை நிமிர்ந்து பார்ப்பதும் காகிதத்தில் கோடு போடுவதுமாக இருந்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பதை ஊரிலுள்ள நண்பர்களும், என்னைப் போல் பிள்ளைகள் வீட்டுக்கு மூட்டை கட்டி வந்தவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. முதல் நாளே ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, “ஏனு சார், ரோடு அகல மாட்தாரா?” என்றார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த கன்னடம் “கொத்தில்லா” மட்டும்தான். தெரியாது என்று சொன்னதை, சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்பதாக அவர் எடுத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் அவர் அனுப்பிய இளநீர் ஒன்று வந்தது. ஓய்வு பெற்றபின் கிடைத்த முதல் மரியாதை. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

நான் வரைந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஃபிலோமினா மிஸ். தனியாக இருக்கிறார்.

“அளக்கறதுன்னா உள்ள வந்து அளங்க சார். தூரத்துல உக்காந்து அளந்தா எங்க காம்பவுண்டு கோணலாத்தான் தெரியும்.”

“நான் கார்ப்பரேஷன் இல்லைங்க. சும்மா படம் வரையறேன்.”

“சும்மா வர்றவங்க கையிலதான் சார் இப்பெல்லாம் டேப்பே இருக்கு.” பலகையை வாங்கிப் பார்த்தார். “மங்கி டாப்பு நல்லா வந்திருக்கு. குரங்கு உள்ள வராம இருக்கத்தான் வெச்சாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. குரங்கு அதுமேலதான் சொகமா உக்காந்திருக்கும். காப்பி குடிக்கறீங்களா?”

அதற்குப் பிறகு நான்கைந்து வீடுகள் வரைந்தேன். ஒவ்வொன்றையும் மிஸ்ஸிடம் காட்டுவது வழக்கமாயிற்று. ஒருநாள், “உங்க வீடு எங்க சார்?” என்றார்.

“இதோ, பக்கத்து கிராஸ் தெருவுல மூணாவது மாடி.”

“அது மக வீடு. உங்க வீட்டைக் கேட்டேன்.”

குடியாத்தம் என்றேன். கிழக்கு மேற்கு இருபத்தெட்டு அடி, தெற்கு வடக்கு ஐம்பத்தாறு, வடக்கே தெரு, மேற்கே பொதுச் சுவர் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“நான் வீட்டைக் கேட்டா நீங்க பத்திரத்தைப் படிக்கிறீங்களே. வரைஞ்சு காட்டுங்க.”

அன்று பகலில் உட்கார்ந்து வரையப் பார்த்தேன். நான்கு எல்லையும் பிசகாமல் வந்தன. முன்பக்க ஜன்னலில் பென்சில் நின்றுவிட்டது. கதவு இரண்டா நான்கா? கம்பி நெடுக்கா குறுக்கா? முப்பது வருடம் வாழ்ந்த வீடு. அந்த ஜன்னலைத் தினமும் திறந்து மூடியவள் என் மனைவி சரோஜா. நான் அலுவலகம் போகும்போது திறந்திருக்கும், வரும்போது கொசுவுக்காக மூடியிருக்கும். அவள் போனபின் நானும் அதைத் திறக்கவில்லை. ஊரார் வீடுகளுக்கெல்லாம் சொத்து விவரம் சரிபார்த்தவனுக்குத் தன் வீட்டு ஜன்னல் நினைவில் இல்லை. நினைவு வரட்டும் என்று காத்திருக்க நாளும் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டை வாங்க ஓர் ஆள் வந்திருந்தார். அடுத்த வாரம் பதிவு. “யாரும் போகாத வீட்டை வெச்சிக்கிட்டு என்னப்பா பண்றது?” என்றாள் மகள். நியாயமான கேள்வி. ஜன்னலையாவது பார்த்து வரைந்து எடுத்துக்கொண்டு பிறகு கையொப்பம் போடுவது என்று முடிவு செய்தேன்.

பதிவுக்கு முந்தைய நாளே ரயில் ஏறினேன். என் வீட்டுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில், மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க வேணும்? அந்த வூட்ல யாரும் இல்லீங்க. ஓனரு பெங்களூர்ல கீறாராம்.”

“தெரியும்மா” என்றேன்.

“முனிசிபாலிட்டியா?”

“இல்லம்மா.”

அவள் நம்பவில்லை. நானும் மேற்கொண்டு விளக்கவில்லை. என்ன சொல்வது, ஓனர் நான்தான் என்றா? இன்னும் ஒரு நாளைக்கு மட்டும். ஜன்னலுக்கு இரண்டு கதவு, கம்பி நெடுக்கு. குனிந்த தலை நிமிராமல் சாயங்காலம் வரை வரைந்தேன். வெளிச்சம் போனதும் ஈரம் காயுமுன்பே பலகையைத் துணியில் சுற்றிவிட்டேன்.

மறுநாள் நான் வேலை பார்த்த அதே அலுவலகம். நாற்காலியில் எனக்குத் தெரியாத ஓர் இளம் அதிகாரி. கேமராவைப் பாருங்கள் என்றார், பார்த்தேன். விரலை வையுங்கள் என்றார், வைத்தேன். “எழுதிக் குடுத்தது நீங்கதானே சார்? சம்மதம்தானே?” என்று கேட்டார். ஆயிரக்கணக்கானவர்களிடம் நான் கேட்ட கேள்வி. தலை நிமிராமலே கேட்பேன். சிலர் பதில் சொல்லத் தாமதித்தால் எரிச்சல் வரும். அந்த அதிகாரி எரிச்சல்படவில்லை. நான் வாய் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். நல்ல பிள்ளை.

பெங்களூர் திரும்பி, மகளிடம் பத்திர நகலைக் கொடுத்துவிட்டு, படத்தை மிஸ் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் துணியை விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேப்ப மரம், வாசற்படி, பச்சைக் கதவு எல்லாவற்றையும் பார்த்தார்.

“நல்லா இருக்கு சார். இது எந்த கிராஸ்ல இருக்கு? நான் பாத்ததில்லையே.”

“இதுதாங்க குடியாத்தம் வீடு.”

“குடியாத்தத்துல மங்கி டாப்பு உண்டா?”

வாங்கிப் பார்த்தேன். இரண்டு கதவு, நெடுக்குக் கம்பி. அதற்கு மேலே, மரச்சட்டம் மரச்சட்டமாக, ஒரு கூம்புக் கூரை. நான் வைத்ததாக நினைவே இல்லை. அதன் நிழலைக்கூட ஜன்னல் கதவின்மேல் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன்.

சொத்து விவரத்தில் பிழை நேர்ந்தால் வழிமுறை இருக்கிறது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எழுதிக்கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். இந்தப் படத்துக்கு எழுதிக்கொடுத்தவன் நான். மற்ற தரப்பு யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. படத்தை அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு நடந்தேன். வாசலில் புதுக் காவலாளி பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.