நான் தாரை வார்த்த ஏழு ஓட்டு

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு சட்டசபைத் தேர்தலில் என் மச்சான் தோற்றுப்போனார். மச்சான் என்றால் வீட்டுக்காரியின் அண்ணன். கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவேன் என்ற ஒரே பேச்சை வைத்துக்கொண்டு வேட்டி மடித்துக் கட்டி ஊர் ஊராக நடந்தார். கடைசியில் அவரைத் தோற்கடித்த ஓட்டுகளை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அத்தனை சின்ன வித்தியாசம்.

அந்த வேனில் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டவன் நான்தான்.

அப்போதெல்லாம் மிஷின் கிடையாது. சீட்டுதான், ரப்பர் முத்திரைதான். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஹாலில் எண்ணிக்கை. மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலர்கள், இந்தப் பக்கம் கட்சிக்கு ஒரு ஏஜெண்ட், நடுவே கோழிக்கூண்டுக்கு அடிப்பது போன்ற கம்பிவலை. முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் விழுந்திருந்தால் அலுவலர் சீட்டை வலையோரம் தூக்கிக் காட்டுவார். இரண்டு ஏஜெண்டும் ஒத்துக்கொண்டால் அந்தந்தக் கட்சியின் சீட்டுக்கட்டில் சேர்ப்பார். தகராறு என்றால் பெரிய அதிகாரியிடம் போகும். மச்சானின் சின்னமும் எதிராளியின் சின்னமும் சீட்டில் அடுத்தடுத்து இருந்ததால் இப்படிச் சீட்டுகள் நிறையவே வந்தன. தகராறு செய்வதற்கென்றே மச்சான் என்னை அனுப்பியிருந்தார். "வுட்றாதீங்க மாப்ள, ஒண்ணொண்ணுக்கும் மல்லுக்கட்டோணும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

என் பக்கத்தில் எதிர்க்கட்சி ஏஜெண்டாக ஒரு தேங்காய் மண்டிக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். உட்கார்ந்ததும், "ஏனுங்க, எந்தூருங்க? சாப்டாச்சுங்களா?" என்றார். நான் பதற்றத்தில் சாப்பிடாமல் வந்திருந்தேன். பயம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும், வயிறு மட்டும் வேலை செய்யும். முதல் சுற்று முடிந்த இடைவேளையில் அவர் தூக்குப்போசியைத் திறந்தார். எலுமிச்சம்பழச் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். பாதியை என் கையில் வைத்து, "ஊட்ல பண்ணுனதுங்க, கூச்சப்படாதீங்க" என்றார். நானும் கூச்சப்படவில்லை.

இரண்டாம் சுற்றில் முதல் கோட்டுச் சீட்டு வந்தது. முத்திரை சரிபாதி. மண்டிக்காரர் வலையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது நம்மளுதாட்டத் தெரியுதுங்களே. நீங்க என்னங்க சொல்றீங்க?"

இதே வாக்கியத்தை அவர் அதட்டலாகச் சொல்லியிருந்தால் சட்டமன்ற வரலாறே மாறியிருக்கும். அவரோ போட்டார் ஒரு 'ங்க'. என் வாய் தானாக, "எடுத்துக்குங்க" என்றது.

"அட, உங்களுதுன்னாச் சொல்லிப்போடுங்க."

"இல்லீங்க, நீங்க எடுத்துக்குங்க."

பந்தியில் கடைசி வடையை இரண்டு பேர் தள்ளித் தள்ளி வைப்பார்களே, அதேதான். அலுவலர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சீட்டை அவர் கட்டில் சேர்த்தார். அப்படி மொத்தம் ஏழு. இரண்டைத் திருப்பி எனக்குக் கொடுக்க வந்தார், பாவம். நான்தான் பெரிய மனசோடு மறுத்துவிட்டேன். ஒரு மேசையில் ஏழு சீட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

முடிவு வந்ததும் மச்சானின் முகம் சுண்ணாம்பு அடித்தது போலானது. மறு எண்ணிக்கை கேட்கலாமா என்று கூடிப் பேசினார்கள். அவர் ஒவ்வொரு ஏஜெண்டாகக் கேட்டுக்கொண்டே என்னிடம் வந்தார்.

"உங்க மேசையில எல்லாம் சரிதானுங்களே மாப்ள?"

"எல்லாம் சரிதானுங்க மச்சான்."

மச்சான் தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார். ஏழு சீட்டை விட்டது முட்டாள்தனம். இந்த வாக்கியம்தான் குற்றம்.

அன்றிலிருந்து என் மண்டைக்குள் இன்னொரு சரித்திரம் ஓட ஆரம்பித்தது. அதில் ஏழு சீட்டும் நம் கட்டில். ஒன்று கைமாறினால் கணக்கில் இரண்டு என்பதால் மச்சான் மயிரிழையில் ஜெயிக்கிறார். குளத்துக்கு வாய்க்கால் வருகிறது. நான் எம்.எல்.ஏ.வின் மாப்பிள்ளை, டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்கிறார்கள். பிறகு ஆட்சியே ஒரு ஓட்டில் தொங்குகிறது, மச்சானை யாரோ மலையடிவாரப் பங்களாவில் அடைத்துவைக்கிறார்கள், நான் ஆனைக்கெல்லாம் பயப்படாமல் வேலி தாண்டி மீட்கிறேன். வீட்டுக்காரி உலுக்கி, "குழம்பு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டதும் சரித்திரம் நின்றுவிடும்.

நிஜத்திலோ ஜெயித்தவர் குளத்தின் பக்கம் வரவில்லை. ஆடு மேயும் அந்தக் குளத்தைத் தாண்டும் போதெல்லாம் வண்டியை வேகமாக விட்டேன். இதில் எனக்கே வியப்பான ஒன்று உண்டு. எத்தனை முறை கற்பனையில் அந்த மேசைக்குத் திரும்பிப் போனாலும், மண்டிக்காரரிடம் "இல்லை" என்று சொல்லும் இடம் மட்டும் எனக்கு வரவே இல்லை. அதைத் தாண்டிக் குதித்து நேராக வெற்றிக்குத்தான் போவேன். வேறொரு சரித்திரம் வேண்டுமென்றால் முதலில் வேறொரு ஆள் வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் கழித்து தாராபுரத்தில் ஒரு கல்யாணம். மச்சானும் நானும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் மண்டிக்காரர்! நான் பாயசத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏனுங்க, உங்க மாப்ள தங்கமான மனுசருங்க!" என்று மச்சானைப் பார்த்து உரக்கச் சொன்னார். "அன்னைக்கு எண்ணிக்கையில கேட்ட சீட்டெல்லாம் குடுத்தாருங்க. இந்தக் காலத்துல யாருங்க குடுக்கறா?"

மச்சான் இலையை மடித்தார்.

திரும்பும்போது அவர் வண்டி ஓட்ட, நான் பின்னால். கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பையைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்திருந்தேன். அவர் எங்களோடு பேச்சை விட்டுவிட்டால் வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது, அண்ணன் வராத வீட்டில் அவள் எப்படி முகம் கொடுப்பாள் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன். குளத்துக்கரையில் வண்டி நின்றது. எஞ்சினையும் நிறுத்தினார்.

"எத்தனை மாப்ள?"

"ஏழுங்க."

"நாங் கேட்டப்போ சரின்னீங்களே."

"பயமுங்க மச்சான்."

அவர் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுங்க மச்சான், திட்டிப்போடுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஏழுல ஒண்ணு," என்று நிறுத்தினார். "கோட்டு மேல, நம்ம பக்கம் துளி ஜாஸ்தி, முத்திரை கொஞ்சம் இழுவுனாப்ல... அப்பிடி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"ஞாபகமில்லீங்களே. ஏனுங்க?"

"என்னுதுங்க அது." இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "எம் பேருக்கு நானே குத்தறப்ப கை நடுங்கிப்போச்சு. கோட்டு மேல குத்திப்போட்டேன். இன்னைக்கு வரைக்கும் உங்க தங்கச்சிகிட்டக்கூடச் சொல்லலை."

தங்கச்சி என்றது அவர் சம்சாரத்தை. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் உதைப்பாரோ என்று தேங்காய்ப் பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறேதுமா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"ஜெயிச்சிருந்தா தண்ணி வந்திருக்குமுங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"நாங் கேட்டிருப்பேன்," என்றார். "குடுத்திருப்பாங்களான்னு தெரியலை." கிக்கரில் காலை வைத்தார். "கேட்ட எடத்துல யாராச்சும் சாப்டாச்சுங்களான்னு கேட்டிருந்தா, நானும் வாயை மூடிட்டு வந்திருப்பனோ என்னமோ."

வண்டியை உதைத்துக் கிளப்பினார். எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "அம்மணி, அண்ணன் வந்திருக்கறன், காப்பி வை" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.