இரவல் நாக்கு

பஸ் டிப்போ கேன்டீனில் அவளுக்குப் பெயர் மாஸ்டரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் பைலில் எங்கேயாவது இருக்கும். அதைத் தேடிப்போக யாருக்கும் தேவை வந்ததில்லை. காலை ஷிப்ட் டிரைவர்களும் கண்டக்டர்களும், கிரீஸ் கையைக் கழுவியும் கழுவாமலும் வருகிற மெக்கானிக்குகளும் அவள் சமையலைச் சாப்பிட்டுத்தான் வண்டியைத் தொட்டார்கள். சாப்பாடு சரியில்லை என்றால் அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் பஸ்ஸில் திட்டு வாங்கியிருப்பார்கள் என்பது அவளுடைய கணக்கு.

அவள் அளந்து போட்டு யாரும் பார்த்ததில்லை. உப்பு கையால், மிளகாய்த்தூள் கண்ணால், மிச்சமெல்லாம் மூக்கால். ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டே, "பூண்டு வதங்கினது போதும், அடுப்பைக் குறை" என்று குரல் கொடுப்பாள். அடுப்பை ஒட்டி நிற்கும் காய் நறுக்குகிற அக்காவுக்கு அதுவரை பூண்டு வதங்குகிறது என்பதே தெரிந்திருக்காது. கடைசியில் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். தலை சாய்ந்தால் பாத்திரத்தை இறக்கலாம் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவளுக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது கையோடு அவள் மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே பார்த்தால் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் சோப்பை முகர்ந்தாலும் ஒன்றுதான், மண்ணெண்ணெயை முகர்ந்தாலும் ஒன்றுதான். வாயில் வைத்தால் சூடு தெரிந்தது, மிளகாய் எரிந்தது; உப்பா, புளிப்பா, இனிப்பா என்று கேட்டால் பதில் இல்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "திரும்ப வரும்மா. நாளாகும். சில பேருக்கு வராமலும் போகலாம்," என்றார். மூன்றையும் சொல்லிவிட்டால் எதுவும் பொய்யாகாது, பாருங்கள். தினமும் காலையிலும் மாலையிலும் எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், கிராம்பு, சோப்பு என்று நாலைந்து சாமானை முகர்ந்து பழகச் சொல்லி அனுப்பினார்.

டிப்போவில் அவள் மூச்சுவிடவில்லை. நாக்கு இல்லாத சமையல்காரியை எவன் அடுப்பில் நிறுத்துவான்? காய் நறுக்குகிற அக்காவிடமும் சொல்ல முடியாது. அவள் காதில் போட்டால் அடுத்த பஸ்ஸிலேயே செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். ருசி பார்க்கவும் அவள் லாயக்கில்லை. தொண்டை கரகரப்புக்கென்று நாள் முழுக்கப் புதினா மிட்டாய் சப்புகிறவளுக்கு உலகமே புதினா.

வீட்டுக்காரரைக் கேட்கலாமா என்றால், அவர் அதைவிட. லாரி ஆபீசில் பார்சல் ஏற்றுகிற மனுஷன், வாயில்லாப் பூச்சி. எதைத் தட்டில் போட்டாலும் "நல்லாருக்கு" என்பார். கல்யாணமான புதிதில் உப்பே போடாமல் வைத்த குழம்பையும் நல்லாருக்கு என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அன்பு வேறு, நாக்கு வேறு. கேன்டீன் சமையலுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

மிச்சம் இருந்தது மாமியார்.

மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் சமையலை மாமியார் ஒரு தடவைகூட நல்லது என்று சொன்னதில்லை. உப்பு ஒரு கல் கூட, காய் ஒரு கொதி குறைவு, எண்ணெய் நேற்றையது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இவர் குடம் உடையாமலே குற்றம் கண்டுபிடிப்பார். இத்தனை வருஷமாக எந்த நாக்குக்குப் பயந்து ஓடினாளோ, அதைத் தேடி மாஸ்டரம்மா இப்போது போய் நின்றாள்.

"அத்தை, நாளையிலிருந்து என்கூட கேன்டீனுக்கு வர்றீங்களா?"

"எதுக்கு? அங்கேயும் வந்து உன் சமையலைச் சாப்பிடணுமா?"

"சாப்பிட வேணாம். ஒரு சொட்டு ருசி பார்த்துச் சொன்னாப் போதும்."

மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். காரணம் கேட்கவில்லை. எலுமிச்சைத் தோலை அவள் காலையும் மாலையும் முகர்ந்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வதை அவர் கவனிக்காமலா இருந்தார்? மறுநாள் மருமகளுக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

வீட்டில் தனியாக இருக்க அவருக்குப் போரடிக்கிறது, ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துத் தருவார் என்று டிப்போவில் சொல்லி வைத்தாள். அன்றைக்குக் குழம்புக்கு உப்பைக் கை வழக்கம்போல் அள்ளிப் போட்டது. கை போட்டது சரிதான். மனசுதான் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். அதுவும் போதாதோ என்று இன்னொரு கை. பிறகு மாமியாரின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளையைப்போல எதிரே நின்றாள்.

மாமியார் நக்கினார். நெற்றி சுருங்கியது. வாயைத் திறந்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடி, மறுபடி திறந்து சொன்னார்:

"நல்லா இருக்கு."

இத்தனை வருஷம் வராத வார்த்தை வந்ததுமே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காதில் தேன் பாய்கிறபோது யார் சந்தேகப்படுகிறார்கள்? சந்தோஷமாகப் பாத்திரத்தை இறக்கினாள்.

சாப்பாட்டு ஹாலில் முதலில் பேச்சு நின்றது. அப்புறம் தண்ணீர் ஜக்குகள் கைமாறின. ஒரு சீனியர் டிரைவர் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டரம்மா, குழம்பு வைக்கத் தண்ணியைக் கடல்லேருந்து கொண்டுவந்தீங்களா?"

சிரிப்பு டிப்போ மேனேஜர் அறை வரைக்கும் கேட்டது. அவர் வந்தார், ஒரு வாய் வைத்தார், அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இனி மறைத்து என்ன பயன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிக்கொண்டாவது போகலாம்.

"நீங்க உடம்பைப் பார்த்துக்கங்கம்மா. அடுத்த மாசத்துலேருந்து அடுப்புக்கு வேற ஆள் போட்டுடறேன். நீங்க காய் நறுக்குங்க, சம்பளம் குறையாது. அதுவரைக்கும் சமாளிங்க."

சம்பளம் குறையாதாம். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்க வேண்டுமாம். கரண்டியை விட்டால் அவள் யார்? மாஸ்டரம்மா என்று அப்புறம் யாரைக் கூப்பிடுவார்கள்?

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"ஏன் அத்தை பொய் சொன்னீங்க?"

மாமியார் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உன் மூஞ்சியைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு."

"பாவம் பார்க்கிறதுக்கு எனக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. டாக்டர் பாவம் பார்க்கிறார், மேனேஜர் பாவம் பார்க்கிறார், உங்க பிள்ளை கேக்கவே வேணாம். குறை சொல்றதுக்கு உங்களை விட்டா எனக்கு யாரு இருக்காங்க அத்தை?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. மாமியார் எழுந்து வரவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"உப்பு ரெண்டு கை கூட. அது மட்டுமா? கத்தரிக்காய் வேகவே இல்ல. வெங்காயம் ஒரு பக்கம் தீஞ்சு கிடக்கு. சொல்லணும்னு வாய் துறுதுறுன்னுச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பா அது? உன் மாமனார் இருந்திருந்தா தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பார்."

மாஸ்டரம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்தது. "இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நாளைக்குச் சொல்றேன். அப்புறம் மூக்கால அழக்கூடாது."

மறுநாளிலிருந்து கேன்டீனில் திருவாய் மலர்ந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மாமியார் உட்கார்ந்துகொண்டார். "உப்பு பத்தல." "இப்பப் பத்துது, கையை எடு." "பருப்பு இன்னும் கடுக்குனு இருக்கு, யாரு பல்லை உடைக்கப் பார்க்கிறே?" டிரைவர்கள் ஜன்னலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாப்பாடு பழையபடி ஆனது. பழையதைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர் திட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கும் வேலை சுத்தமாகத்தான் வரும்.

மேனேஜர் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "இவங்க யாரு?"

"என் நாக்கு சார்," என்றாள் மாஸ்டரம்மா.

அவர் சிரித்துவிட்டார். புது ஆளைப் பற்றி அன்றைக்குப் பேச்செடுக்கவில்லை. ஆனால் போகும்போது கேட்டுவிட்டுத்தான் போனார்: "இரவல் நாக்கை வச்சு எத்தனை நாளைக்கும்மா ஓட்டுவீங்க?"

அதே கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. இரவல் நகையானால் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாமியாருக்கு ஒருநாள் முட்டி வலித்தால்? தலைசுற்றி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனால்? தவிர, அவளுக்குச் சோறு மணக்க வேண்டும். மேனேஜருக்காக இல்லை, அவளுக்காக.

காலையும் மாலையும் முகர்கிற வேலையை மாமியார் தன் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடிப்பார்.

"இது என்ன?"

"காப்பித்தூள்."

"சோப்பு. அடுத்து?"

"எலுமிச்சை."

"சோப்பேதான். மறுபடி அதையேதான் பிடிச்சேன்."

வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒருநாள் லாரி ஆபீசிலிருந்து வந்த கையோடு காலுறையைக் கழற்றி நீட்டினார். மாமியார் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓட, மாஸ்டரம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவள் காலுறையை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியவில்லையே.

"வரும்டி," என்றார் மாமியார். "வராம எங்க போகும்? வழி மறந்துபோய் எங்கேயாவது சுத்திக்கிட்டு இருக்கும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நான் இருக்கேன். நான் போறதுக்குள்ள அது வந்துடணும், அவ்வளவுதான்."

மாசம் முடிகிற சமயத்தில், மத்தியான ஷிப்டுக்கு டீ போட அவள் பெரிய பாத்திரத்தில் பாலை ஏற்றியிருந்தாள். மாமியார் ஹாலில் ஒரு கண்டக்டரைப் பிடித்துக்கொண்டு, காயையெல்லாம் ஏன் தட்டோரம் ஒதுக்கினாய் என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். மாஸ்டரம்மா சர்க்கரை டப்பாவை நிரப்ப ஸ்டோர் ரூமுக்குள் போனாள்.

வெங்காய மூட்டைக்குப் பின்னால் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

ஏதோ ஒன்று. மெல்லிசாக, கசப்பாக, மூக்கின் மேல்பக்கத்தில் எங்கோ. மனப்பிராந்தியாக இருக்கும் என்று மூச்சை விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். இருந்தது. இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. எந்தச் சமையல்காரிக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். பால் அடிப்பிடிக்கிறது.

ஓடிப்போய் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் ஹாலிலிருந்து ஓடி வந்தார். "அடியே, பால் அடிப்பிடிச்சு ஊரே நாறுது, நீ பாட்டுக்கு இங்க நின்னுக்கிட்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"தெரியுதா?" என்று கேட்டார், குரலே இல்லாமல்.

"நாறுது அத்தை."

மாமியார் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெங்காய மூட்டைப் பக்கத்தில் நின்று அழுதார்கள். கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை.

வேறு பால் இல்லை. ஷிப்ட் மாறுகிற நேரம். அந்தப் பாலிலேயே டீ போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாய் குடித்த சீனியர் டிரைவர் முகத்தைச் சுளித்தார். "என்ன பெரியம்மா, புகை அடிக்குது? நீங்க ருசி பார்க்கலையா?"

மாமியார் ஒரு கிளாஸை எடுத்து முழுசாக ஒரு வாய் குடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மருமகளும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றார். "இந்த மாதிரி டீயை நான் என் ஆயுசுல குடிச்சதில்ல. பேசாம குடிங்கப்பா."

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "சர்க்கரைதான் கம்மி."

மாஸ்டரம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். சர்க்கரை இன்னும் பிடிபடவில்லை. புகை தெரிந்தது. இன்றைக்கு அது போதும் என்று தலையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, சர்க்கரை டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.