கரிமலையில் இறக்கிய இருமுடி

பொய் சொல்வதாக இருந்தால் என்னைப் பெரிய வீரனாக்கிச் சொல்லியிருப்பேன். இதில் நான் தலைதெறிக்க ஓடியதுதான் மிச்சம். அதனாலேயே நீங்கள் நம்பலாம்.

எழுபத்திரண்டாம் வருஷ மார்கழி. அம்பத்தூரிலிருந்து ஒரு கூட்டமாகச் சபரிமலைக்குப் பெரிய பாதையில் போனோம். எங்கள் குருசாமி கன்னியப்பன். என் தங்கை சொர்ணத்தின் புருஷன் தங்கவேலுக்கு அதுதான் முதல் மலை. இடுப்பில் கைக்குழந்தையோடு வழியனுப்ப வந்த சொர்ணம், ஓரத்தில் மஞ்சள் நூலால் 'த' என்று தைத்த கறுப்புத் துண்டை அவன் தோளில் போட்டாள். "அண்ணே, இவர பத்திரமா ஊட்டாண்ட கொண்டாந்து உட்ரு" என்றாள். தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலைதான் பிறகு உருளப் பார்த்தது.

காட்டுப் பாதையின் கடைசி நாள். வைகுண்ட ஏகாதசி. கரிமலை ஏறி இறங்கினால் பம்பை. ஏறும்போதே தங்கவேலுக்குக் காய்ச்சல். உச்சியைத் தாண்டியதும் அவனுக்குக் கால் பின்னியது. நாங்கள் இருவரும் பின்தங்கினோம்.

முன்னே போகிறவர்கள் "சாமியே" என்று குரல் கொடுப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் "சரணம் ஐயப்பா" என்பார்கள். காட்டில் ஆள் தொலையாமல் இருக்க அதுதான் வழி.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தூறல். அதோடு பனிமூட்டம். முன்னே கேட்ட குரல் நின்றுவிட்டது.

"சாமியே..." என்று கத்தினேன். பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து... எங்களுக்குப் பின்னால்.

"சாமியே..."

யாரோ வருகிறார்கள். எனக்கு உயிர் வந்தது. "சரணம் ஐயப்பா!" என்றேன்.

கறுப்பு வேட்டி, தாடி, தலையில் இருமுடி. மாலை போட்டவர் எல்லாரும் சாமிதான். பேர் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஊரைத்தான் கேட்டேன்.

"ஆவடியாண்ட. பருத்திப்பட்டு ஏரிக்கரை."

"அட, நம்ம பக்கம்! உங்க கூட்டம் எங்க சாமி?"

"முன்னாடி பூட்டாங்க."

மூன்று பேருமாக நடந்தோம். பத்தடிக்கு ஒருதரம் "சாமியே" என்பார். நாங்கள் சரணம் சொல்வோம். நான் "சாமியே" என்றால் மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தொப்பலாக நனைந்திருந்தோம். அவர் இருமுடியில் சொட்டு ஈரமில்லை. துணியில் புழுதி படிந்திருந்தது.

எங்கள் கால்களில் அட்டை கடித்து ரத்தம். அவர் காலில் ஒன்றுகூட இல்லை.

"கழுத்து நோவுது சாமி" என்றார். "எறக்கி உடு."

இருமுடியை ஏற்றுவதும் இறக்குவதும் குருசாமிதான். எவனும் தானாக இறக்க மாட்டான். அடுத்தவன் முடியில் நாம் கை வைக்க மாட்டோம்.

"கீழ பம்பைக்கு வாங்க. எங்க குருசாமி எறக்குவாரு."

"அவ்ளோ தூரம் ஆவாது சாமி... எறக்கி உடு."

குரல் அழுதது. முகத்தில் அழுகை இல்லை.

"தங்கவேலு, நடடா!"

அவன் நடக்கவில்லை. முதல் மலைக்காரன், இளகின மனசு. "பாவம் மச்சான்" என்றான். இரண்டு கையையும் தூக்கி... இறக்கிவிட்டான்.

வெறும் தரையில் வைக்கக் கூடாதே என்று சொர்ணம் கொடுத்த துண்டைப் பாறையில் விரித்து அதன்மேல் வைத்தான்.

"அப்பாடா..."

அது மட்டும்தான் கேட்டது.

ஆள் இல்லை.

பாறைமேல் இருமுடி மட்டும் இருந்தது.

தங்கவேல் கையைப் பிடித்தேன். நெருப்பாகக் கொதித்த உடம்பு... ஐஸ்.

செத்துவிட்டானோ என்று நினைத்தேன். சொர்ணத்தின் முகம்தான் கண்ணில் வந்தது. அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பம்பையில் குருசாமி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். விடியற்காலையில்தான் அவன் உடம்பில் சூடு திரும்பியது. நடந்ததைச் சொன்னேன். கன்னியப்பன் அந்தச் சாமியின் ஊரைக் கேட்டுக்கொண்டார். "ஊருக்குப் போனதும் அந்த ஊட்ட தேடிப் போங்க" என்றார்.

ஊர் திரும்பினோம். தங்கவேல் வாசலில் தேங்காய் உடைத்தான். மலைக்குப் போனவர் அப்படி வந்து உடைக்கும்வரை அணையக் கூடாத விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. சொர்ணம் அவனைக் கண்டதும் அழுதுவிட்டாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுவாரம் இருவரும் பருத்திப்பட்டு போனோம். மலைக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா என்று ஏரிக்கரையில் விசாரித்ததும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வேம்புலியம்மாள் என்ற அம்மா வெளியே வந்தார். புருஷன் துலுக்கானம் மலைக்குப் போய் மூன்று வருஷம். கரிமலையில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தவர். உடல்கூடக் கிடைக்கவில்லையாம்.

"மூணு வருசமா வெளக்க அணைய உடல சாமி. இந்த ஏகாதசி அன்னிக்கி, வெளக்கு வைக்கிற நேரம், வாசல்ல தேங்கா ஒடையிற சத்தம். ஓடியாந்து பாத்தா யாரும் இல்ல. எண்ணெ இருக்குறப்பவே வெளக்கு அணைஞ்சிட்ச்சி."

தங்கவேல் என் கையைப் பிடித்தான்.

"வாசப்படில அவரு முடி மட்டும் இருந்திச்சி. இன்னிவரைக்கும் பிரிக்கல. வந்து பாருங்க."

சாமி படத்துக்குக் கீழே அதே இருமுடி. அதற்கடியில் கறுப்புத் துண்டு. ஓரத்தில் மஞ்சள் நூல். 'த'.

"இது யாருதுன்னு தெரில சாமி" என்றார் அந்த அம்மா. "தெனமும் வெயில்ல போடறேன்... காயவே மாட்டேங்குது."

தொட்டுப் பார்த்தேன்.

தொப்பலாக நனைந்திருந்தது.