குலத்துக்கு இரண்டு புள்ளி

நான் பிடிவாதக்காரி. இதை வீட்டில் தெலுங்கிலும் வெளியில் தமிழிலும் சொல்லிச் சொல்லி எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் வேலை எனக்கு. இழை அறுந்தால் ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் அப்படித்தான்.

விளையாடுவது மூன்று பேர், கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். அவள் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் கோயில் கைங்கரியம். இன்னொருத்தி மம்சாபுரத்துக்காரி, அப்பா அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள், இப்போது ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டீச்சர் தன் ஊரில் டியூஷனுக்காக எடுத்திருக்கும் மாடி அறை ஞாயிறு மத்தியானம் காலியாக இருக்கும். அங்கேதான் கூடுவோம்.

விளையாட்டு இதுதான்: ஒருத்தி கதை சொல்வாள், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இறங்குவார்கள். கதவு உடைந்ததா, ஓநாயிடமிருந்து தப்பினாளா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தொழில் உண்டு. போர்வீரன், மந்திரவாதி, திருடன், சாமியை வேண்டிக் காயம் ஆற்றுகிறவன் என்று நீளும். கதை சொல்வது எப்போதும் நான்தான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இணையத்திலிருந்து இறக்கிய ஒரு ஆங்கில விதிப்புத்தகத்தை வைத்து ஆறு மாதம் ஆடினோம். ஒவ்வொரு கதையும் பனி கொட்டும் ஊரில் ஒரு சாராயக்கடையில் தொடங்கும். ஒருநாள் நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, நானே வெயில்ல வெந்து பஸ்ஸுல வாரேன். வந்தா பனிங்குற. அதுவும் பொம்பளைங்க ரெண்டு பேரு எதுக்கு ஒயின் ஷாப்புல போயி உக்காரணும்?"

சிரித்தோம். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஊருக்கென்றே எல்லாத் தொழிலையும் மாற்றி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். வாள்வீரன் சிலம்பக்காரி ஆனாள். காட்டில் தடம் பார்ப்பவன், மேற்கே நிற்கும் எங்கள் மலையில் ஏறி இறங்கும் மலைக்காரி ஆனாள். மந்திரவாதிக்கு மூலிகை தெரிந்த சித்தர். பாட்டுப் பாடித் தெம்பு கொடுப்பவனுக்கு வில்லுப்பாட்டுக்காரி. சத்தியம் செய்துவிட்டுக் குதிரையில் வரும் வீரனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, எல்லைச்சாமி ஊருக்கு ஊர் குதிரையில்தான் இருக்கிறார். காயம் ஆற்றுகிறவன் பூசாரி.

புத்தகத்தில் தொழிலுக்கு முன்னால் ஒரு கட்டம் இருந்தது. உன் ஆள் எந்த இனம்? காட்டில் வாழும் நீளக்காது இனமா, சுரங்கம் தோண்டும் குள்ள இனமா? இனத்தைப் பொறுத்து ஒன்றில் இரண்டு புள்ளி கூடும், இன்னொன்றில் ஒன்று குறையும். நீளக்காதுக்காரர்களுக்கு நான் எங்கே போவேன்? அந்தக் கட்டத்தில் 'குலம்' என்று எழுதினேன். கோயில் குலத்துக்கு அறிவில் இரண்டு கூட, வலிமையில் ஒன்று குறைவு. வீரக் குலத்துக்கு வலிமையில் இரண்டு கூட, பொறுமையில் ஒன்று குறைவு. உழைக்கும் குலத்துக்குத் தாங்கும் சக்தியில் இரண்டு கூட, அறிவில் ஒன்று குறைவு. எல்லாம் சமமாக வந்ததில் எனக்கு அப்படியொரு திருப்தி. மூன்று பிரதி எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு போனேன்.

ஆர்வமாகப் பக்கம் புரட்டிக்கொண்டே வந்த நர்ஸ் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"உழைக்கிற குலத்துக்கு அறிவு ஒண்ணு கம்மியா?"

"விளையாட்டுக்குத்தான். ஒரு பக்கம் கூட்டினா இன்னொரு பக்கம் குறைக்கணும்ல."

"இதுல என்னைய எதுன்னு நெனச்சு எழுதின?"

அவளை மனதில் வைத்துத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறேன் என்பது எனக்கே அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"வாரத்துல மூணு மணி நேரம், நான் யாரு பிள்ளன்னு யாரும் பாக்காத எடம் இது ஒண்ணுதான்னு வந்துக்கிட்டு இருந்தேன். நீ இங்கனயும் கொண்டாந்துட்ட." பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று டீச்சரிடம் குதித்தேன். அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கும் சுருக்குனுதான் இருந்தது. எனக்கு ரெண்டு கூடத்தானே வந்திருக்குன்னு பேசாம இருந்துட்டேன்." அதைக் கேட்டதும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நர்ஸ் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் ஒரு தாளால் போய்விடும் என்று பயந்தேன். போக விடமாட்டேன் என்றும் முடிவெடுத்தேன். குலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். பிடிக்காமல் கிழித்தேன், மறுபடி எழுதினேன். மூன்றாவதாக எழுதியதை எடுத்துக்கொண்டு மம்சாபுரத்துக்கே போனேன்.

வீட்டு வாசலில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

"குலத்த எடுத்துட்ட, சரி. ஆனா எழுதுறதும் நீ, கதை சொல்லுறதும் நீ. நாளைக்கு வேற ஒண்ணு எழுதுவ. நான் அதுக்கும் வந்து சண்ட போடணும்."

"அப்போ நீயே எழுது."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது சுலபமாக இல்லை.

"எழுதுதேன். கதையும் நான்தான் சொல்லுவேன். நீ ஆளா எறங்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

அவள் எழுதிய விதி ஒரே பக்கம். ஆரம்பத்தில் யாருக்கும் தொழில் கிடையாது. தாளில் பேரை மட்டும் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அன்றைக்கு உன் ஆள் என்ன செய்தாள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஒரே பதில் வந்தால் அதுதான் உன் தொழில். நான் மூன்று வாரமாக முட்டி மோதியது இவளுக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் சொன்ன கதை, கொள்ளைநோய் வந்த ஒரு மலையடிவாரத்து ஊரில் நடந்தது. பூசாரி பூட்டிவிட்டு ஓடிப்போன கோயிலை டீச்சரின் ஆள் திறந்தாள், விளக்கேற்றினாள், நோயாளிகளைக் கருவறை வரைக்கும் படுக்க வைத்தாள். மூன்றாம் வாரம் அவள் தாளில் நர்ஸ் 'பூசாரி' என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்காத்துல நான் பூத் தொடுத்துக் குடுக்கிறதோட சரி. பெருமாளைத் தொட முடியாது," என்றாள். கண் கலங்கியிருந்தது. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து நான். மூன்று வாரமும் என் ஆளைப் பற்றி இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: எல்லாரையும் வேலை ஏவினாள். நர்ஸ் என் தாளில் 'நாட்டாமை' என்று எழுதினாள். கண் கலங்கியிருந்த டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இத மாத்த முடியாதா?"

"ஏன் முடியாது? பொறப்புலயா வந்துச்சு? அடுத்த மூணு வாரம் வேற மாதிரி நடந்து காட்டு."

கதையைத் தொடர்ந்தாள். கோயிலில் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறோ ஆழம். யார் இறைப்பது? யாரை இறைக்கச் சொல்லலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் எறைக்கேன்."

"எத்தன கொடம்?" அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"போதும்னு நீ சொல்லுற வரைக்கும்," என்றேன்.