கறை எடுத்த சட்டை

போலீஸில் புகார் கொடுக்கப் போகும்போது எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு என் காதில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நான் பனியன் கம்பெனியில் கறை எடுக்கிறவள். திருப்பூர் மண்ணரையில் எங்கள் வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். பதினாறு வருஷமாக இதே வேலை. மெஷின் எண்ணெய், பேனா மை, ஊசி ஏறிய விரலின் ரத்தம், யாரோ கை கழுவாமல் தொட்ட குருமா என்று தைத்த துணியில் எது பட்டிருந்தாலும், செக்கிங் பெண்கள் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி என் மேசைக்கு அனுப்புவார்கள். அடியில் ஒரு வேஸ்ட் துணியை வைத்து, மேலிருந்து மருந்தை அடித்தால் கறை இளகிக் கீழே இறங்கிவிடும். பிறகு பீஸ் அயர்னுக்குப் போகும். என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர்தான். ஆனால் வேறு கம்பெனி, அருள்புரத்தில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே அவர் மொபெட்டில் கிளம்பிப் போனார். எட்டரைக்கு அவருடைய போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது அவர் இல்லை.

"ஏனுங்க அக்கா, இந்த நம்பரு உங்க ஊட்டுக்காரருதுங்களா?" என்றார் ஒருவர். பல்லடம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறவராம். "பின்னால வந்த வண்டி தட்டீட்டு நிக்காம போயிருச்சுங்க. லோடு வண்டியாட்டம் இருந்துச்சு. நம்பரு பாக்கறக்குள்ள போயிட்டான். நூத்தியெட்டுல ஏத்தி உட்டுட்டமுங்க."

இடது தோள்பட்டை, இடது கால், தலையில் அடி. மூன்று நாள் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு நர்ஸ் என்னிடம் ஒரு கேரி பேக்கைக் கொடுத்தார். உள்ளே வாட்ச், பெல்ட், ஒற்றைச் செருப்பு, அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. காலர் வைத்த டி-ஷர்ட். கை அளவு அரை இஞ்சு குறைந்ததால் ரிஜெக்ட் ஆன எக்ஸ்போர்ட் பீஸ். திருப்பூரில் பாதிப் பேர் இப்படிக் கழித்துக்கட்டிய துணியைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டையின் காலரில் ரத்தம். இடது தோளிலிருந்து முதுகு வரைக்கும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் இழுப்பு.

நான் அழவில்லை. ஊத்துக்குளியிலிருந்து வந்த என் நாத்தனார் எனக்கும் சேர்த்து அழுதாள். "அழுதுரு புள்ள, நெஞ்சுக்குள்ள வெச்சுக்காத" என்று என் முதுகைத் தடவினாள். நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மரத்துப்போயிருந்தேன். டாக்டர் பேசினால் அவர் சட்டைப் பையிலிருந்த பேனா மூடி கழன்றிருப்பதுதான் கண்ணில் பட்டது. மை கசிந்தால் என்ன மருந்து போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் வந்து விவரம் குறித்துக்கொண்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போயி ஒரு புகாரு எழுதிக் குடுங்கம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு, அவரோட ஆதாரு, அன்னைக்குப் போட்டிருந்த துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

அன்று மத்தியானம் நாத்தனாரை வாசலில் உட்காரவைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். லீவு சொல்லத்தான் போனேன். மேனேஜர் சரி என்று தலையாட்டிவிட்டார். அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் என் மேசை காலியாக இருந்தது. கையில் கேரி பேக் இருந்தது.

எங்கள் கம்பெனியில் வெளியாள் பார்வைக்கு ஒரு பீஸ் போகிறது என்றால் அதில் பொட்டுக் கறை இருக்கக்கூடாது. துணி வாங்குகிற பையர் வருகிறார் என்றால் முந்தின நாளே எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். நாளைக்கு இந்தச் சட்டையை ஸ்டேஷனில் யாரோ விரித்துப் பார்க்கப்போகிறார்கள். இந்தக் கோலத்திலா கொடுப்பது? இதற்கு மேல் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியிலேயே தங்கிவிடும். அது சுலபமாகப் போனது. பிறகு மஞ்சளுக்கு வந்தேன். கிரீஸ் என்று நினைத்து முதல் மருந்தை அடித்தேன், அசையவில்லை. பெயிண்ட் மருந்து அடித்ததும் இளகியது. மஞ்சள் போன இடத்தில் அடியில் நீலம் தெரிந்தது. மெல்லிய கோடு, ஆனால் பிடிவாதமான நீலம். அதை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. மருந்து அடித்து, காற்றடித்து, திரும்ப மருந்து அடித்து, வேஸ்ட் துணியை நான்கு முறை மாற்றி, இருபது நிமிஷத்தில் சட்டை வெள்ளை வெளேரென்று ஆனது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மருந்து காய்ந்த வளையம்கூட இல்லை. அந்த வாரம் முழுவதிலும் நான் நிம்மதியாக இருந்தது அந்த இருபது நிமிஷம்தான். இதைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் எழுதி எனக்குப் பழக்கமில்லை. தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த லீவு லெட்டர்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேசையில் இருந்த பெண் ஏட்டு அதைப் படித்துப் பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார்.

"கீழ்ப்படிதல் எல்லாம் எதுக்குங்க? என்ன நடந்துச்சு, எங்க, எத்தனை மணிக்கு, யாரு பார்த்தாங்க, அவ்வளவுதான் வேணும். வேற பேப்பர்ல எழுதலாம் வாங்க" என்று நாற்காலியைக் காட்டினார்.

அவர் கேட்கக் கேட்க நான் எழுதினேன். இடம், நேரம், டீக்கடைக்காரர் பெயர், போன் நம்பர். மூன்றே நாளில் என் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் முக்கால்வாசியில் அடக்கியாகிவிட்டது.

"வண்டி நம்பரு?"

"தெரியலீங்க மேடம்."

"என்ன கலரு, அதாச்சும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மஞ்சளுங்க" என்றேன்.

"டீக்கடைக்காரரு சொன்னாரா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு சட்டையில இருந்துச்சுங்க."

ஏட்டம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. "அட, அது போதுமேங்க. பெயிண்டு ஒட்டியிருந்தா லேப்புக்கு அனுப்பி எந்த வண்டின்னு ஒப்பிட்டுப் பார்த்தறலாம். சட்டை எங்க?" என்று கையை நீட்டினார்.

நான் கொடுத்தேன். அவர் மேசைமேல் விரித்தார். திருப்பினார். உள்பக்கம் பார்த்தார். காலரைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கம்மா மஞ்சளு?"

"எடுத்துட்டனுங்க."

"எடுத்துட்டீங்கன்னா?"

"நான் கறை எடுக்கறவளுங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏட்டம்மா சட்டையை மடிக்கத் தெரியாமல் மடித்து ஓரமாக வைத்தார். "அடியில வெச்ச துணி இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல கேள்வி. அங்கிருந்தே கம்பெனிக்கு ஓடினேன். வேஸ்ட் மூட்டைகளை அன்று காலையில்தான் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. எந்தக் குடோன் என்று கேட்டு அங்கேயும் போனேன். ஆளுயரத்துக்கு மூட்டைகள், மலைமலையாக வெட்டுத்துணி. எல்லா நிறமும் இருந்தது. அங்கே வேலை செய்த வடநாட்டுப் பெண் என்ன தேடுகிறாய் என்று கையாலேயே கேட்டாள். நானும் கையாலேயே ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேலே மஞ்சள், அடியில் நீலம். மஞ்சள் சீக்கிரம் இளகியது, அதனால் அது வண்டிக் கம்பெனியிலிருந்தே வந்த பெயிண்டாக இருக்காது, பிறகு கையால் பூசியது. நீலம்தான் வண்டியின் பழைய நிறம். ஏட்டம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதவைத்தார். கறையை நான் எடுத்ததையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எழுதீருங்க. பின்னால எவனாச்சும் கேட்டான்னா, நீங்களே முன்னாடி சொன்னதா இருக்கோணும்" என்றார்.

எழுதினேன். 'மேற்படி சட்டையில் இருந்த பெயிண்ட் கறையை அறியாமையால் நானே நீக்கிவிட்டேன்.' அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். புகார் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். சாயங்காலம் வழக்குப் பதிவு செய்த நகலும் வந்தது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கண் திறந்துவிட்டார். நாத்தனார் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவருக்கு அந்தக் காலையைப் பற்றி ஒன்றுமே ஞாபகமில்லை. வீட்டில் டிபன் சாப்பிட்டது வரைக்கும் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விட்டம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி கேட்பார். "ஏம்புள்ள, எந்த வண்டின்னு தெரிஞ்சுதா?"

"தேடறாங்களாமுங்க."

கோபமாகக் கேட்க மாட்டார். அவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்பதுகூட அவருக்கு இல்லை. "எதுல அடிபட்டன்னு தெரியாமயே நொண்டீட்டுக் கெடக்கறது ஒரு மாதிரியா இருக்குது" என்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். பல தடவை அடுப்பில் ஒன்றும் இருக்காது.

இரண்டு மாதம் கழித்து ஏட்டம்மா கூப்பிட்டார். போனேன். நான் எழுதிக் கொடுத்த நிறத்தை வைத்துத் தேடிப் பிடித்த ஒரு சின்ன லோடு வண்டி ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நின்றது. மஞ்சள் பெயிண்ட், கையால் பூசியது. பக்கவாட்டுக் கம்பியில் உராய்ந்த இடத்தில் நீலம் தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பதினாறு வருஷம் கறையையே பார்த்த கண். வேறு எதில் ஏமாந்தாலும் நிறத்தில் ஏமாறாது.

"இதேதானுங்க" என்றேன்.

"வண்டிக்காரன் ஏதோ காம்பவுண்டு கேட்டுல ஒரசுனதுன்னு சொல்றானுங்க. அந்தப் பக்கமே அன்னைக்குப் போகலியாம்." ஏட்டம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் தெரியுதுங்க. ஆனா நீங்க கண்ணால பார்த்து இதே கலருன்னு சொல்றது கோர்ட்டுல நிக்காது. அந்தச் சட்டை இருந்திருந்தா..."

வண்டியின் ஆள் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சாதாரண ஆள். எங்கள் வீதியிலேயே இருக்கலாம். அவன்மேல் கோபம் வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. கோபம் வருவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும், அது எனக்கு இல்லை என்று தோன்றியது. ஏட்டம்மா சட்டையைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமும் என் வீட்டுக்காரர் கேட்டார். "தெரிஞ்சுதா புள்ள?"

இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், நீலம், என் மேசை, இருபது நிமிஷம், குடோன், இன்றைக்குப் பார்த்த வண்டி வரைக்கும். சொல்லி முடித்து, சட்டையை அவர் மடியில் வைத்தேன். இப்போதாவது யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவர் டியூப் லைட்டைப் போடச் சொன்னார். கட்டுப்போடாத வலது கையால் சட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இடது தோளைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். கறை எடுத்த பீஸில் மருந்து வளையம் நின்றிருந்தால் அயர்ன் மாஸ்டர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சுத்தமாக இருந்தால்தான் பாஸ் செய்து பாக்கிங்குக்கு விடுவார்கள். அவர் எத்தனையோ பீஸைத் திருப்பி அனுப்பியவர். இதையும் அப்படித்தான் பார்த்தார், அவசரமே இல்லாமல்.

"வளையங்கூட உளுகலை" என்றார்.

பிறகு சட்டையை மடியில் போட்டு, ஒற்றைக் கையாலேயே பாக்கிங்குக்குப் போகிற மாதிரி சட்டைக் கைகள் இரண்டையும் பின்னால் மடித்து, காலரை நேராக்கி, என்னிடம் நீட்டினார்.

"பாஸ்" என்றார்.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதற்குப் பிறகு எந்த வண்டி என்று அவர் கேட்டதே இல்லை.