அக்காவின் சின்னத் தட்டு

நம் வீட்டுச் சமையலறையில், பெரிய தட்டுகளுக்கெல்லாம் அடியில், விளிம்பு நெளிந்த சின்ன எவர்சில்வர் தட்டு ஒன்று கிடக்கிறது. பொம்மைத் தட்டு என்று சொல்லி நீங்கள் இரண்டு பேரும் அதில் கடலைமிட்டாய் வைத்துத் தின்கிறீர்கள். பிள்ளைகளே, அது பொம்மைத் தட்டு இல்லை. உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, சாப்பிட்ட தட்டு. அவள் உயிரைக் காப்பாற்றியதில் அந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. புதுப்பட்டினத்தில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா மீன் ஏற்றும் வண்டி ஓட்டினார். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல கனத்த உடம்பு. பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த காலை வைப்பாள். "யம்மா, பஸ்ஸ இழுக்காத, உள்ள வா" என்று கண்டக்டர் கத்துவார். "நீ எறங்கி வந்து கை குடேன், கொறஞ்சா பூடுவ?" என்று இவளும் விடமாட்டாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அவளுடையதும் இருக்கும்.

ஒரு நாள் ஓட்டலில் வாளியைத் தூக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். செங்கல்பட்டில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, குடல் பிதுங்குகிறது, ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும் என்றார். ஆனால் இந்த எடையோடு தைத்தால் தையல் நிற்காது, முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்றும் சொன்னார். திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். "பசங்க சின்னதுங்கடா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். விடிவதற்குள் எழுந்து, நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கடற்கரை ஓரமாகச் சவுக்குத் தோப்பு வரைக்கும் நடப்பாள். மணலில் கால் புதையப் புதைய அவள் நடந்து வருவதை, வலை உலர்த்துகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாடி, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டுக்கிறியா?" என்று மாமா கிண்டல் பண்ணுவார். டீயில் சர்க்கரையை விட்டாள். ஓட்டல் வாசலில் தினமும் வாங்கித் தின்னும் பஜ்ஜியை விட்டாள். தனக்கென்று இந்தச் சின்னத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் கீரை, ஒரு துண்டு மீன். நான் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஆனால் மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது எடை மெஷின் முள் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காத்தக் குட்ச்சாலும் எனக்கு ஒடம்பா ஒட்டிக்கினு கீதுடா. நான் இன்னாதான் பண்றது?" என்று அழுதாள். எங்களுக்கும் புரியவில்லை. கண்ணெதிரே தட்டு இருக்கிறது, அதில் இருப்பது ஒரு கரண்டிச் சோறு. அப்புறம் எப்படி?

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கை கழுவப் பின்பக்கம் போனேன். அக்கா துலக்குவதற்காகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். பெரியவள் தட்டில் பாதிச் சோறு, சின்னவள் தட்டில் குழம்பு ஊற்றிப் பிசைந்தது அப்படியே, மாமா தட்டில் ஓரமாய் ஒரு பிடி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வழித்து, உருட்டி, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக, ருசியே பார்க்காமல், தரையைத் துடைக்கிற மாதிரி.

"அக்கா, இன்னா இது?"

"இன்னாது?"

"துன்றியே."

"இது சாப்பாடாடா? பசங்க வெச்ச மிச்சம்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பொய் சொல்லவில்லை. சின்னத் தட்டில் இருப்பதுதான் அவளுக்குச் சாப்பாடு. இது பாத்திரம் துலக்கும் வேலையில் சேர்ந்தது.

எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கூலி வந்தால்தான் அடுப்பு எரியும். அந்த வீட்டில் வளர்ந்தவள் சோற்றைக் குப்பையில் கொட்டுவாளா? அதே காரணத்துக்காகத்தான் தன் பிள்ளைகளுக்கு மலை மாதிரிக் குவித்துப் போடுவாள். அவர்களால் முடியாது. மிச்சம் இவள் வயிற்றுக்கு.

மாமாவிடம் சொன்னேன். அவர் வாய் சும்மா இருக்குமா? "ஒன் வயிறு இன்னா மாட்டுக் கழனித் தொட்டியாடி? அல்லாரும் ஊத்தறதுக்கு?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து மிச்சத்தைத் தெரு நாய்க்குப் போட்டாள். நாய்தான் ஊதிப் பெருத்தது. "மச்சான், அடுத்து இதுக்கு ஆபரேசன்" என்று மாமா என்னிடம் கண்ணடித்தார். நாய்க்குப் போடும் ஒவ்வொரு பிடியிலும் அக்காவின் கை தயங்கும். பாதி நாய்க்கு, பாதி தன் வாய்க்கு.

கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. அரிசியைக் குறைத்துப் போடுவது. கேட்டால் ஒன்றுமில்லாத விஷயம். அன்றைக்கு அக்கா அளந்த அரிசியில் ஒரு கை அள்ளித் திரும்ப அரிசிப் பானையில் போட்டாள். பிறகு அதை எடுத்தாள். மறுபடி போட்டாள். "வூட்ல சோறு பத்தலன்னா இன்னாடா பண்றது?" என்று கேட்டு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட அவள் கண்ணில் இல்லாத பயம். பிள்ளைகளையே வேண்டிய அளவு போட்டுக்கொள்ளச் சொன்னோம். முதல் முறையாக அக்காவும் எங்களோடு தன் சின்னத் தட்டுடன் உட்கார்ந்தாள்.

சின்னவள் தட்டைக் காலி செய்துவிட்டு, "யம்மா, இன்னும் சோறு" என்றாள். பானையில் இல்லை. அக்கா அப்படியே உறைந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லியா? சரி" என்று எழுந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அக்கா அந்தக் காலிப் பானையை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று துலக்கப் போட்ட தட்டுகளில் ஒரு பருக்கை இல்லை.

அதற்கப்புறம் முள் மெதுவாக இறங்கியது. நைட்டி தொளதொளத்தது. கண்டக்டருக்குக் கத்த வேலை இல்லாமல் போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கண் விழித்ததும், "பசங்க துன்னாங்களா?" என்றாள். அடுத்த மூச்சில், "மிச்சம் வெச்சாங்களா?" மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எனக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தபோது, கொடுத்தனுப்பிய பாத்திரங்களுக்கு நடுவில் இந்தத் தட்டையும் அக்கா வைத்திருந்தாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பாதித் தோசையை வைத்துவிட்டு டிவி பார்க்க ஓடினீர்கள். பேச்சு சுவாரசியத்தில் என் கை தானாக உங்கள் தோசைத் தட்டுக்குப் போனது. அத்தை என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி போட்டாள். என் சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, இந்த வூட்டுக் கழனித் தொட்டி இப்போ நீயா?" என்றாள். பிறகு எழுந்துபோய், அடியில் கிடந்த இந்தத் தட்டை உருவி, கழுவி, என் முன்னால் வைத்தாள்.

இனிமேல் கடலைமிட்டாய்க்கு வேறு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு வேண்டும்.