டிரெயிலருக்குப் பலூன் கட்டிய கதை

"அம்மா, அப்பா அலைய வேணாம். நான் வீடியோ கால் போட்டுடறேன். ஃபோனை அடுப்புக்குப் பக்கத்துலயே வைக்கிறேன். பால் பொங்கறது நல்லாத் தெரியும்."

சொன்னவள் என் மகள் தேன்மொழி. ஓசூரில் இருக்கிறாள். பத்து வருஷம் வாடகை வீடு, ஒருவழியாக இப்போது சொந்த வீடு. பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டுப் போன மாதம் கூப்பிட்டாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் காதிலும் விழுந்தது.

"நல்லாத் தெரியும்னா சரிதாம்மா" என்றார். பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

வாராவாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கணவர் சுடலைமுத்துவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. நெய்வேலி மைன்ஸில் முப்பது வருஷம் ஹைட்ராலிக் ஃபிட்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஸ்ட்ரைக் பண்ணிவிட்டன.

அவருக்கு வீட்டிலேயே செய்கிற வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய். ஒரு பை மருந்துத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். உள்ளே இருந்த பழைய தண்ணீர் வெளியே வர வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்கு மேல். கதவு, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். ஃபேன் ஓடக்கூடாது. ஒரு தூசு, ஒரு கிருமி உள்ளே போனால்... போச்சு.

போச்சு என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்து ரூமில் பை மாற்றினார். யாரோ கதவைத் திறந்தார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி.

அன்றிலிருந்து அவர் குவார்ட்டர்ஸைத் தாண்டி எங்கேயும் தங்கியதில்லை. டாக்டர் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. "சுத்தமான இடம் இருந்தா தாராளமாப் போங்க" என்றுதான் சொன்னார். சுத்தமான இடத்துக்கு நான் எங்கே போவேன்? அதைக் கூடவே இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

இழுத்துக்கொண்டு போனால் என்ன?

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு டிரெயிலர் வந்தது. ஒரு கான்ட்ராக்டர் சைட் ஆபீஸாக வைத்திருந்த பழைய கேபின். ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், ஒரு ஜன்னல். ஆர்.டி.ஓ. பேப்பரையெல்லாம் முறையாக மாற்றிக்கொண்டு, எங்கள் ஜீப்புக்குப் பின்னால் மாட்டினோம். உள்ளே சுவரெல்லாம் வழவழப்பான வெள்ளை ஷீட் ஒட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள்!

ஓட்டுவது நான்தான். டிரெயிலரை ரிவர்ஸ் எடுக்கப் பழகுவதற்குள் எங்கள் பிளாக் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் இரண்டு ஸ்டம்ப்பை இழந்தார்கள். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது இடது பக்கம் போகும். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இது புதுசா என்ன?

பழகியாயிற்று. ஓசூருக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று, பத்து அட்டைப்பெட்டி மருந்துப் பையை உள்ளே அடுக்கிக்கொண்டு, கம்மாபுரம் வழியாக விருத்தாசலம் போய் வந்தோம். அவர் என் பக்கத்து சீட்டில். டிரெயிலரில் சரக்கு மட்டும்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

வாஷ்பேசின் இரண்டாக வெடித்திருந்தது. பை மாட்டுகிற கொக்கி சுவரை விட்டுக் கழன்று தொங்கியது. பெட்டிகள் குப்புறக் கிடந்தன. ஒரு பையை ஏதோ ஸ்க்ரூ குத்தி, தரையெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சர்க்கரைச் சத்து உண்டு. கால் வைத்தால் ஒட்டியது. நான் வாளி எடுத்து வருவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது.

அவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"விட்டுருளா. வீடியோ கால்ல பாத்துக்கிடுதேன்."

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்புக்கு வந்து அவர் பேச்சு எவ்வளவோ மாறிவிட்டது. மனசு உடையும்போது மட்டும் ஊர்ப் பேச்சு திரும்பி வரும்.

எனக்கோ கோபம். அவர் மேல் இல்லை. ரோட்டின் மேல்.

மறுநாள் காலை மந்தாரக்குப்பத்தில் ஏழுமலையின் பட்டறையில் நின்றேன். லாரி, டிராக்டர் டிரெயிலருக்கெல்லாம் அடிவேலை பார்க்கிறவர். கம்மாபுரத்துக்காரர். டிரெயிலருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள பஞ்சு மெத்தை வச்சுப் பெட்டியை அடுக்கினா சரியாகிடுமா?" என்று கேட்டேன்.

"பஞ்சு இன்னாங்க பண்ணும்? இது மூணு டன் லோடுக்குக் கட்டுன பட்டைங்க." அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டையைக் கையால் தட்டினார். "உங்க லோடு இன்னா? ஒரு கட்டிலு, பத்துப் பொட்டி. இந்தக் கனத்துக்குப் பட்டை அசையவே அசையாது. ரோடு குதிக்கிற குதிப்பு அப்டியே உள்ள போயிகினு இருக்குது."

"அப்போ?"

"ஏர் சஸ்பென்ஷன் போட்டுடலாங்க. சொகுசு பஸ்ஸுக்கு அடியில கறுப்பா ரப்பர் பலூன் இருக்கும், பாத்துருக்கீங்களா? பட்டையக் கழட்டிட்டு, பக்கத்துக்கு ஒரு பலூன். கனத்துக்குத் தக்கன காத்தை ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம்."

"டிரெயிலருக்குப் போட்டிருக்கீங்களா?"

ஏழுமலை நேர்மையான மனிதர். "இல்லீங்க. பஸ்ஸுக்குப் போட்டுருக்கறன். அடி எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே?"

ஒன்றுதானா? எனக்கென்ன தெரியும்! சரி என்றேன்.

பத்து நாள் வேலை. பட்டை கழன்றது. இரும்புத் தாங்கிகள் வெல்டிங் ஆயின. பலூன், ஷாக் அப்சார்பர், ஒரு சின்ன கம்ப்ரசர், ஒரு காற்று டேங்க். முடிந்த அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வருவதற்கு அவர் இஷ்டப்படவில்லை. மாத்திரை வாங்கணும் என்று பொய் சொல்லித்தான் கிளப்பினேன். போனதுமே ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, "சார் உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

நாலு வருஷமாக அவரைப் பார்க்கிற எல்லாரும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான்.

கம்ப்ரசர் ஓடியது. பலூன் உப்பியது. டிரெயிலர் மெல்ல எழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஜீப்பில் மாட்டி டவுன்ஷிப் ரோட்டுக்கு ஓட்டினேன். நேர் ரோட்டில் வெண்ணெய்! ரவுண்டானாவில் திரும்பினேன் பாருங்கள்... கண்ணாடியில் பார்த்தால் டிரெயிலர், ஃபுட்போர்டில் பத்துப் பேர் தொங்குகிற பஸ் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கிறது. நடந்து போகிற வேகத்தில் பட்டறைக்குத் திரும்பினேன்.

ஏழுமலை சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தார். எங்கேயும் குமிழி வரவில்லை. லீக் இல்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடி சாய்ந்தது.

"பழைய பட்டையையே மாட்டிடறங்க. எனக்குப் புரியல" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பால் காய்ச்ச ஐந்து நாள்தான் பாக்கி.

அப்போது நாற்காலியில் இருந்து ஒரு குரல்.

"ரெண்டு பலூனுக்கும் ஒரே லைனா குடுத்திருக்கீங்க?"

"ஆமாங்க சார். டேங்க்லருந்து ஒரே பைப்பு. நடுவுல ஒரு டீ ஜாயின்ட் போட்டு ரெண்டா பிரிச்சிருக்கறன்."

என் கணவர் எழுந்தார். கைலியைச் சரிசெய்துகொண்டு டிரெயிலர் அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"அங்கதான் தப்பு. வண்டி திரும்பும்போது ஒரு பக்கம் கனம் ஏறுது. அந்த பலூன் நசுங்குது. உள்ள இருக்கற காத்து எங்க போகும்? குழாய் தெறந்து கெடக்கே... கனம் இல்லாத பலூனுக்கு ஓடிடும். இந்தப் பக்கம் இன்னும் எறங்கும், அந்தப் பக்கம் இன்னும் ஏறும். சாயாம என்ன செய்யும்?" பிறகு சட்டைக்கு மேல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "குழாய் தெறந்திருந்தா எது எந்தப் பக்கம் ஓடும்னு தினம் நாலு தடவை பாக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

ஏழுமலை தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து என் கணவர் படம் போட்டார். வலது பலூனுக்குத் தனி லைன், தனி வால்வு. இடதுக்குத் தனி லைன், தனி வால்வு. ஒன்றின் காற்று இன்னொன்றுக்குப் போகவே வழியில்லை. இரண்டுக்கும் பிரஷர் பார்க்க ஆளுக்கொரு மீட்டர்.

"சார், சும்மா உக்காந்துகினே கண்டுபுடிச்சிட்டீங்களே!"

"சும்மா உக்காந்திருந்தேன்னு யார் சொன்னா?" என்றார் அவர்.

அன்று மாலை வரை அவர் நாற்காலிப் பக்கமே போகவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் வீட்டுக்குப் போய், பை மாற்றிக்கொண்டு வந்தோம். திரும்பி வந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நான் பதறினேன்.

"என்னங்க, வயித்துல குழாய் இருக்கு!"

"ஸ்பேனர் பிடிக்க வயிறு எதுக்கு? கை போதும்."

நான் வெளியே வந்து, லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள். துக்கத்துக்கு இல்லை.

நோயாளிக்கு உதவி என்று நினைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? அவர் கையில் இருக்கிற வேலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறோம். டம்ளரைக்கூட நாமே கழுவி வைக்கிறோம். கடைசியில் அவருக்கு மிச்சமாவது நோய் ஒன்றுதான். நானும் நாலு வருஷமாக அந்தப் புண்ணியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரவுண்டானாவைச் சுற்றினேன். மூன்று தடவை. டிரெயிலர் சமர்த்தாகக் கூடவே வந்தது. அப்புறம் அதே கம்மாபுரம் ரோடு. பெட்டிகளோடு, ஏழுமலை தன் வீட்டுக்கு வாங்கியிருந்த முப்பது முட்டை அட்டையையும் தைரியமாக உள்ளே வைத்தார்.

விருத்தாசலம் போய்த் திரும்பி, மூன்று பேரும் கதவைத் திறந்தோம். பெட்டிகள் வைத்த இடத்தில் வைத்தபடி. கொக்கி சுவரில். புது வாஷ்பேசின் முழுசாக. முட்டையில் ஒன்றே ஒன்றில் விரிசல்.

"அது கடையிலயே விரிஞ்சதுங்க" என்றார் ஏழுமலை. மூன்று தடவை சொன்னார். நம்பிவிட்டேன்.

ஓசூருக்கு விடியற்காலை கிளம்பினோம். பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை. மதியத்துப் பையை எங்கே மாற்றுவது என்பதுதான் நாலு வருஷமாக எங்களைக் கட்டிப்போட்ட கேள்வி. பதில், செங்கம் தாண்டி ஒரு புளியமரத்தடி. ஓரமாக நிறுத்தினேன். அவர் கைகழுவி, மாஸ்க் போட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே காவல்.

பத்து நிமிஷத்தில் ஹைவே பேட்ரோல் வந்து நின்றது. ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார்.

"என்னம்மா வண்டி இது? உள்ள யாரு? கதவைத் திறங்க."

"திறக்க முடியாது சார்."

"திறக்க முடியாதா?" அவர் புருவம் தொப்பிக்குள் போனது.

"உள்ள என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குது. தூசி போகக்கூடாது. இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

அவர் என்னைப் பார்த்தார். டிரெயிலரைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி வழியாக, கொக்கியில் தொங்குகிற பையைப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? தன் வண்டியை எடுத்து வந்து எங்களுக்குப் பின்னால் ஓரங்கட்டி, விளக்கைச் சுழலவிட்டு நிறுத்தினார். அந்தப் பக்கமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்த ஒரு டிராக்டரைக் கைகாட்டித் தள்ளிப் போகச் சொன்னார். இருபத்தைந்து நிமிஷம்! கதவு திறந்து என் கணவர் எட்டிப் பார்த்தபோது, "முடிஞ்சுதாங்கய்யா? பாத்துப் போயிட்டு வாங்க" என்று சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போனார்.

ஓசூரில் நாங்கள் இறங்கியபோது சாயங்காலம். வருகிறோம் என்று தேன்மொழியிடம் சொல்லவே இல்லை. கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்தவள், ஜீப்பைப் பார்த்தாள், பின்னால் இருந்ததைப் பார்த்தாள், கடைசியாகத்தான் அப்பாவைப் பார்த்தாள். டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"எப்படிப்பா...?"

"காத்துல வந்தோம்மா" என்றார்.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்தது அவர்தான். பால் பொங்கி வழிந்தது. குலவை போட்டது நான். பாதியிலேயே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மீதியைச் சம்பந்தியம்மா முடித்துவைத்தார். அடுப்புப் பக்கத்தில் ஃபோன் எதுவும் இல்லை. எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பந்தி முடிந்ததும் தெருவே டிரெயிலரைச் சுற்றி நின்றது. இவர் சுவிட்சை அழுத்துவார். புஸ்ஸென்ற சத்தத்தோடு வண்டி எருமை படுப்பது மாதிரி மெல்லப் படுக்கும். இன்னொரு சுவிட்ச். எழுந்து நிற்கும். ஒரே லைன் கொடுத்தால் ஏன் சாயும் என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரு மணி நேரம் நின்றபடி விளக்கினார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, அவசரப்பட்டு நெய்வேலிக்குக் கிளம்ப வேணாம். ஒரு வாரம் இருங்க."

"நெய்வேலிக்கு யாரு கிளம்பறா?" என்றார் இவர். "மாப்ள, இங்கேருந்து ஊட்டிக்கு எந்த ரோடு நல்ல ரோடு?"

இந்த வாரப் பத்தி ஒரு நாள் தாமதம் என்று ஆசிரியருக்கு என் மேல் கோபம். மன்னிக்க வேண்டும் சார்... மேட்டுப்பாளையத்தில் சிக்னல் சரியில்லை!